குடிக்கிறது அவன் காப்பி

மருமவனே, கிரிக்கெட் ஆடுத ஒல்லிப் பயலைப் பார்த்து "ஏலே எத்தியோப்பியா"ன்னு நீ கூப்பிட்டது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. கூப்பிடு, நான் வேண்டாங்கலை. ஆனா காப்பித் தம்ளரைக் கையில வச்சுக்கிட்டா கூப்பிடுவே? காப்பிச் செடி பொறந்த காடே அந்த நாட்டுலதான் இருக்கு. வையுறதையும் வஞ்சுக்கிட்டு அவன் வீட்டுச் சரக்கையும் உறிஞ்சுதியே, இந்தச் சாமர்த்தியம் யாருக்கு வரும்!

மேலத்தெரு கணக்கு வாத்தியார் அங்கே பள்ளிக்கூட வேலை பார்த்துட்டு வந்தவரு. விருந்தாளி வந்து உக்காந்த பொறவுதான் பச்சைக் கொட்டையைக் கழுவி, அவர் கண்ணு முன்னாலயே சட்டியில வறுப்பாங்களாம். மணத்தை மோந்து பார்க்க ஆளாளுக்குச் சட்டியை நீட்டி, பொறவு இடிச்சு, கழுத்து நீண்ட மண்கூஜாவுல கொதிக்கவிட்டு மூணு சுத்து ஊத்துவாங்களாம். மொதல் சுத்தோட எந்திரிச்சா மரியாதை இல்லை. நம்ம வீட்டுல டிகாஷன் தீர்ந்தா வந்தவனுக்கு நீர்மோர்தான்.

1984-ல அங்கே பஞ்சம் வந்தது நெசம். மழையும் பொய்ச்சது, உள்நாட்டுச் சண்டை வேற. லட்சக்கணக்குல சனம் செத்துச்சு. அதுல கேலிக்கு இடமில்லை. ஆனா டிவி அன்னைக்குக் காட்டுன படம் அந்த நாட்டு மூஞ்சியில அப்படியே ஒட்டிக்கிட்டு. பணம் திரட்ட லண்டன்ல பாட்டுக்காரங்க கூடி, இது கிறிஸ்துமஸ்னு அந்தச் சனத்துக்குத் தெரியுமான்னு பாட்டே கட்டிட்டாங்க. 4-ஆம் நூற்றாண்டுலயே எசானா ராசா வேதத்துல சேர்ந்த நாடுவே அது! நம்ம கழுகுமலை வெட்டுவான்கோயில் கணக்கா, லாலிபெலாவுல பாறையை மேலேருந்து குடைஞ்சு 11 சர்ச்சு இறக்கி வச்சிருக்கான். அந்த வேதக்காரங்க புதனும் வெள்ளியும் கறி, பால், முட்டை தொடாம விரதம் வேற. நீ புரட்டாசி முடிஞ்ச மறுநா விடியுமுன்ன கறிக்கடை வாசல்ல நிக்க ஆளு.

படத்தை வச்சு ஊரை அளந்தா நம்ம கதி என்ன? 1876–78 தாது வருசப் பஞ்சத்துல மெட்ராஸ் மாகாணத்துச் சனத்தை எலும்பும் தோலுமா உக்கார வச்சு ஹூப்பர்னு ஒரு வெள்ளைக்காரன் போட்டோ புடிச்சான். அதுல இருக்கது உன் பூட்டனா என் பூட்டனா, யார் கண்டா? நல்லவேளை, அப்போ டிவி இல்லை.

1896-ல அத்வாவுல எத்தியோப்பியா ராசா மெனலிக் இத்தாலிப் படையை ஓட ஓட அடிச்சாரு. 1960-ல அதே இத்தாலியில, ரோமுக்கே போயி, அபேபே பிகிலா வெறுங்காலோட மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கினான். ஆளு ஒல்லிதான், உன்னை மாதிரி தொந்தி இல்லை. அப்போ நீ அந்தக் கிரிக்கெட் பயலை வையலை, வாழ்த்தியிருக்கே, அவன்கிட்ட சொல்லிருதேன்.

எனக்குப் புடிச்சது அவங்க காலண்டர்தான். வருசத்துக்கு 13 மாசம், கடைசி மாசத்துக்கு மட்டும் அஞ்சாறு நாள். நம்ம கணக்குக்கு ஏழெட்டு வருசம் பின்னால ஓடுது. பாஸ்போர்ட் எடுத்துரலாமான்னு பார்க்கேன். உங்க அத்தைகிட்ட மூச்சு விட்டுராத.