பன்முகக் கணக்குப் பேணல்: நரிக்குடி வட்டாரக் கூடைத் தொழிலை முன்வைத்து ஓர் ஆய்வு

பன்முகக் கணக்குப் பேணல் என்பது, விற்கும் பொருள் ஒன்றாகவும் அதைக் காட்டும் சமூக ஊடகக் கணக்குகள் பலவாகவும் இருக்கும் வணிக நிலை. இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது வீட்டில் பின்னும் வயர் கூடை. ஆரி வேலை செய்த ரவிக்கைக்கும் பட்டுநூல் வளையலுக்கும் இதே விதிகள் பொருந்தும்.

இந்நிலையின் தோற்றத்தை மேலைநாட்டுச் சந்தையியலில் தேடுவது வீண். நரிக்குடியும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. மேற்கே கொட்டிய மழை கிழக்கே தூறலும் போடாது. அதனால் கொஞ்சம் மிளகாய், நாலு ஆடு, கோடையில் சீமைக் கருவேலங் கரிமூட்டம் என்று பல பக்கமும் காலூன்றி நிற்பது இப்பகுதி வழக்கம். எந்தப் பதிவை எத்தனை பேர் கண்ணில் காட்டுவது என்று முடிவுசெய்யும் அல்காரிதமும் மழையின் இனமே. கும்பிட்டாலும் வராது, மறந்திருக்கும்போது கொட்டும்.

கணக்குகளின் அமைப்பு கண்மாய்ச் சங்கிலியை ஒத்தது. மேல் கண்மாய் இன்ஸ்டாகிராம். அங்கே ரீல்ஸாகத் தேங்கும் அரை நிமிடக் காணொளி, கலுங்கு வழிந்து ஃபேஸ்புக்குக்கும் யூடியூப் ஷார்ட்ஸுக்கும் போய், கடைமடையான வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அடைகிறது. கடைமடையில் நீர் 24 மணி நேரத்தில் வற்றிவிடும். ஆனாலும் விளைச்சல் பெரும்பாலும் அங்கேதான். ஏனெனில் ஸ்டேட்டஸ் பார்ப்போர் சின்னம்மா, மதினி, கூடப் படித்தவர்கள். வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். அனுப்புபவரின் எண்ணைத் தம் போனில் பதிந்துவைத்தவர்களுக்கே செய்தி போய்ச் சேரும். பதிந்துவைத்தவர்கள் சொந்தக்காரர்கள். அவர்களோ மற்றக் கணக்குகளிலும் முன்பே வந்து உட்கார்ந்திருப்பவர்கள். ஆகவே ஐந்து கணக்குகளில் தலா 200 பேர் என்றால், ஆயிரம் வாடிக்கையாளர் என்று கூட்டுவது பிழை. ஐந்து முறை எண்ணப்பட்ட 200 பேர் என்பதே சரியான விடை.

இத்துறையின் வரலாற்றில் இரு பஞ்சங்கள் குறிக்கத்தக்கவை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தபோது, டிக்டாக்கில் மட்டும் விதைத்திருந்தவர்களின் நிலம் ஒரே இரவில் தரிசானது. அடுத்த மாதமே ரீல்ஸும், செப்டம்பரில் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. ஒன்றை நம்பாதே, பலவற்றில் விதை என்ற கோட்பாடு வலுப்பெற்றது. அந்த வலுவும் 2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிவரைதான். அதன்பின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்தாற்போல் ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. 2012இல் இன்ஸ்டாகிராமையும் 2014இல் வாட்ஸ்அப்பையும் ஃபேஸ்புக் வாங்கியிருந்தது. மூன்று கண்மாய் என்று நம்பப்பட்டவற்றுக்கு வரத்துக்கால் ஒன்றே. அன்றிரவு வழக்கத்தைவிட அதிகக் கூடைகள் பின்னப்பட்டிருக்கும் என்பது ஊகம்தான். ஆனால் நியாயமான ஊகம்.

கூடையைப் பொறுத்தவரை நெல்லிக்காய் முடிச்சோ சிவன் கண்ணோ, எதுவாயினும் இரண்டு கை வேலை. பின்னுவதைப் படம்பிடிக்க மூன்றாவது கை வேண்டும். அது பள்ளி விட்டு வந்த பிள்ளையின் கை. அதற்குக் கூலி, அரை மணி நேரம் போனில் விளையாட்டு. அந்த அரை மணி நேரத்தில் வரும் விசாரிப்புகள் அனைத்தும் பதிலின்றிக் கிடக்கும். விளம்பரம் பெருகப் பெருக விற்பனை தாமதமாவது இந்தக் கூலி முறையால்தான்.

விலை வினா தனியே ஆராயத்தக்கது. “எவ்ளோக்கா?” என்று எல்லோரும் பார்க்கக் கேட்பதும், “இன்பாக்ஸ் பாருங்க” என்று விடை வருவதும் எல்லாத் தளங்களுக்கும் பொதுவான சடங்கு. இதைத் தந்திரம் என்பார் உண்டு. உண்மையில் இது குடும்ப அமைதிக்கான ஏற்பாடு. சொந்தத்துக்கு ஒரு விலை, அசலூருக்கு ஒரு விலை என்றிருக்கையில், மதினி ஐந்து கணக்கிலும் இருக்கிறார். தவிர, மதினிக்குச் சொன்ன விலை சின்னம்மாவுக்குச் சொன்னதல்ல.

இறுதியாக, கைவிட்ட கணக்குகள். கடவுச்சொல் மறந்தோ, போன் மாறியோ, வெறுத்தோ இவை தூர்ந்து கிடக்கின்றன. ஆனாலும் முற்றிலும் வறண்டுபோவதில்லை. முகம் தெரியாதவர் அனுப்பும் செய்தி ஒதுங்கும் மூலைப் பெட்டியில், கல்யாணத்துக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க ஐம்பது சின்னக் கூடை வேண்டும் என்றொரு விசாரிப்பு கிடக்கும். அது கண்ணில் படும்போது அந்த வீட்டில் வளைகாப்பு நெருங்கியிருக்கும். வளைகாப்புக்குக் கூடை வேண்டுமா என்று கேட்டு அனுப்பும் பதில், அவர்களும் கைவிட்ட ஒரு கணக்கில் போய் விழும்.