வங்கக் கடலுக்கு ஒரு நோட்டீஸ்

காற்றுத் தூசியின் பூர்வீகத்தைத் துருவும் விஞ்ஞானிகளை மனமாரப் பாராட்ட வேண்டும். வடிதாளில் படிந்ததைப் பகுத்து, இது டீசல் புகை, இது சாலைப் புழுதி, இது குப்பை எரித்த கரி, இது கடல் உப்பு என்று ஜாதகமே கணித்துவிடுகிறார்கள்.

மறைமலைநகர் இதற்கு உகந்த ஊர். ஜி.எஸ்.டி. சாலை, தொழிற்பேட்டை, வட்டாரத்தில் கல்குவாரிகள். லாரிக்காரரைக் கேட்டால் குவாரி என்பார். குவாரிக்காரரைக் கேட்டால் லாரி என்பார். இருவருமே பொய் சொல்லாதவர்கள். போகிக்கு எரியும் டயரோ பண்பாடு. 2018 போகிப் புகையில் சென்னை விமானங்கள் தடுமாறியது விமானங்களின் கோளாறு.

ஆக, மிஞ்சுவது கடல். மாமல்லபுரத்தில் அலை தெறித்து உப்புத் துகள் கிளம்புவது விஞ்ஞானமே ஒப்புக்கொண்ட குற்றம். தயங்காமல் நோட்டீஸ் கொடுக்கலாம். வங்கக் கடல் முன்ஜாமீன் கேட்காது, சங்கம் வைத்து மறியல் செய்யாது, முக்கியமாக, தேர்தல் நிதி தராது.

நமக்கென்ன அவசரம்? பி.எம். 2.5 துகள் ஆண்டுச் சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் நடுங்கியது. நாம் 2009-லேயே 40 என்று எழுதிவைத்த எட்டு மடங்கு வீரர்கள்.

இதற்குள் கடலின் பதில் வந்துவிட்டதாம்: "பிற்பகலில் உங்கள் புகையைக் கலைத்துவிடும் காற்றும் என்னுடையதுதான். நிறுத்திக்கொள்ளட்டுமா?"

நோட்டீஸ் வாபஸ். அடுத்த சம்மன் வேப்பமரத்துக்கு. மகரந்தமும் காற்றில் மிதக்கும் துகள்தான்.