மூன்றாவது கேசட்

வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்க வேண்டும் என்பது பெரியவர்கள் வகுத்த விதி. எதைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பது என்பதை எண்பதுகளில் பிள்ளைகள் நாங்கள் தீர்மானிக்கத் தொடங்கினோம். அதுவரை மார்கழிக் குளிரில் பரமபத அட்டையை விரித்து, தாயக்கட்டை உருட்டி, பாம்பில் சறுக்கி, ஏணியில் ஏறி விடியவைத்த வீடுகளுக்குள், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்த சில வருஷங்களில், வாடகை டெக்கும் வந்து சேர்ந்தது. திருச்சியில் எங்கள் தெருவில் மட்டுமா? உங்கள் தெருவிலும் அது சைக்கிள் கேரியரில், பழைய போர்வை சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்கி வருகிற பத்திரத்தோடு வந்து இறங்கியிருக்கும்.

டிவி, டெக், மூன்று கேசட்: இதுதான் ஒரு ராத்திரியின் கணக்கு. முதல் படம் பாட்டிக்கு, ஏ.பி. நாகராஜனின் 'திருமால் பெருமை' ஓடினால்தான் மற்ற இரண்டுக்கும் அனுமதி. இரண்டாவது ரஜினி படம், அதில் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பாட்டி சுவரோரம் சாய்ந்து, அம்மாவும் அத்தையும் அடுப்பில் சுக்குக் காபி கொதிக்கிறதா என்று பார்க்க எழுந்து போகிற நேரத்தில் தொடங்குகிற மூன்றாவது கேசட் எங்களுடையது, அது பேய்ப் படமாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் எப்படிப்பட்ட பேய்ப் படம்? ஊரே கண் விழிக்கிற ராத்திரியில் 'எக்ஸார்சிஸ்ட்', 'ஓமன்', 'ஈவில் டெட்' எல்லாம் மத்தியானமே வேறு வீடுகளுக்குப் போயிருக்கும்; சாயங்காலம் கடைக்குப் போகிற எங்களுக்கு மிஞ்சுவது யாரும் பாராட்டாத, அட்டையில் ஒரு கோரைப்பல்லும் ஒரு கல்லறையும் மட்டுமே இருக்கிற படங்கள்தான். '16 வயதினிலே' படத்துக்கே 62.5 மார்க்கோடு கையை நிறுத்திக்கொண்ட ஆனந்த விகடன் இந்த மாதிரிப் படங்களுக்கு எத்தனை போடும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை. அட்டையில் பேய் இருந்தது, உள்ளேயும் இருக்கும், அது போதும்.

அப்படிக் கிடைத்ததுதான் 'புரானா மந்திர்'. இந்திப் படம், வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது, சித்தப்பாவைத் தவிர. பம்பாயில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியிருந்த அவர் டிவிக்குப் பக்கத்தில் மோடாவைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் குரலைத் தாழ்த்திக் கதை சொல்லுவார். “டேய், அவன் தலை பெட்டிக்குள்ள இருக்கு. உடம்பு கோயிலுக்குப் பின்னால குழியில. ரெண்டும் ஒண்ணு சேர்ந்துச்சுன்னா அவ்வளவுதான்” என்பார். ராஜாவின் பங்களா அவர் வாயில் கொள்ளிடக் கரைக்கு இடம் மாறியது. கோயில், நாங்கள் மாம்பழம் பொறுக்கப் போகிற தோப்புக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. நடுவில் கதையோடு ஒட்டாத ஒரு கொள்ளைக்காரன் காமெடி வந்தபோது, “கொல்லைப்பக்கம் போறவங்க இப்பவே போயிட்டு வந்துருங்க” என்று அவரே இடைவேளை விட்டார். தனியாகப் போக யாருக்கும் தைரியம் இல்லாததால், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வரிசையாகப் போய் வரிசையாகத் திரும்பினோம்.

வாடகைக் கேசட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. முன்னால் எடுத்துப் போனவர்களெல்லாம் பேய் வருகிற இடத்தில்தான் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்த்திருப்பார்கள். நிறுத்திவைக்கிற போதெல்லாம் டெக்கின் ஹெட் அதே இடத்தில் சுழன்று உரச, நாடாவின் பூச்சு அங்கேதான் அதிகம் தேயும். அதனால் பேய் வருவதற்குக் கொஞ்சம் முன்பே திரையில் வெள்ளைக் கோடுகள் நெளியத் தொடங்கும். டிராக்கிங் குமிழைத் திருகிச் சரிசெய்ய அண்ணன் எழுந்திருப்பான்; யாரும் விடமாட்டோம். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் போர்வைக்குள் கால்களை இழுத்துக்கொள்வதில் இருந்த சுகம், பேயே நேரில் வந்த பிறகு இருந்ததில்லை. திருச்சி வானொலியில் ஸ்ரீரங்கத்துப் பரமபத வாசல் திறப்பு வர்ணனை ஆரம்பிப்பதற்குள் படம் முடிந்தாக வேண்டும். பேயிடமிருந்து நேரே பெருமாளிடம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்பதே அந்த ராத்திரியின் பெரிய ஆறுதல்.

இப்போது அதே படத்தைக் கோடே இல்லாமல், ஆங்கில சப்டைட்டிலோடு போனில் பார்க்க முடிகிறது. பார்த்தேன். கொள்ளிடம் இல்லை, மாந்தோப்பு இல்லை, சித்தப்பா சொன்ன வசனங்களில் பாதி இல்லை. ஆனால் அன்று தெரியாத வேறு விஷயங்கள் தெரிய வந்தன. 1984இல் வந்த அந்தப் படத்தை இயக்கிய துளசி ராம்சேயும் ஷியாம் ராம்சேயும் அண்ணன் தம்பிகள்; சகோதரர்கள் மொத்தம் ஏழு பேர், கதை, கேமரா, ஒலி, எடிட்டிங் என்று வேலையைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு குறைந்த செலவில் படம் எடுத்தவர்கள். சாம்ரி என்ற அந்த அரக்கனாக நடித்த அனிருத் அகர்வாலின் உயரமும் முகவெட்டுமே பாதி பயத்தைத் தந்துவிட்டன. விமர்சகர்கள் மதிக்காவிட்டாலும் படம் நன்றாக ஓடியது. ஒரு குடும்பம் கூடி எடுத்த படத்தை இன்னொரு குடும்பம் கூடிப் பார்த்திருக்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த மார்கழிக்கு மறுபடி ஒரு ராத்திரி கண் விழிப்பது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. அன்று கடையில் மிஞ்சியதை எடுத்து வந்தோம். இன்று உலகத்துப் படமெல்லாம் கிடைக்கிற பிள்ளைகள், மோசம் என்று பெயர் வாங்கியதைத் தேடித் தேடி எடுக்கிறார்கள். 1957இல் வந்த 'பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' வேண்டுமாம்: 1956இல் பேலா லுகோசி இறந்துவிட, வேறொருவர் முகத்தை அங்கியால் மறைத்துக்கொண்டு அவருக்குப் பதிலாக நடமாடுகிற படம். 'ட்ரோல் 2' வேண்டுமாம்: பெயரில் இருக்கிற ட்ரோல் படத்தில் எங்கேயும் வராது. மருமகள் ஒருத்தி, 'தி ஷைனிங்' படத்துக்காக ஸ்டான்லி குப்ரிக்கையே மோசமான இயக்குநர் என்று ராஸி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள் மாமா, மார்க்கை எல்லாம் நம்பக் கூடாது என்கிறாள். அவள் சொல்வது சரி. ஆனால் நான் நினைப்பது இன்னும் கொஞ்சம் கூட: மார்க் போடுகிறவர் படத்தை மட்டும் எடைபோடுகிறார், பேய்ப் படமோ பக்கத்தில் ஒருவர் இருந்தால்தான் முழுமையாகிறது. பயப்படுகிறவனுக்கு ஒரு துணை வேண்டும், பயத்துக்கும் ஒரு துணை வேண்டும்.

ஆகவே என் யோசனையைக் குழுவில் சொல்லிவிட்டேன். முதலில் பரமபதம், பிறகு 'திருமால் பெருமை', பிறகு பிள்ளைகள் தேர்ந்தெடுக்கிற படம். கடைசியில் 'புரானா மந்திர்', சப்டைட்டிலை அணைத்துவிட்டு. சித்தப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும், இந்தியும் மறக்கவில்லை. திரையில் என்ன இருக்கிறது என்பது தெரியாததால் இந்த முறை கதை இன்னும் நன்றாக வரும் என்பது என் நம்பிக்கை. பிள்ளைகளும் ஒரு தடவை கொள்ளிடக் கரை பங்களாவுக்குப் போய் வரட்டும்.