309-உம் 115-உம்

சட்டக் கல்லூரி விடுதியில் இரவு இரண்டு மணி. மூன்றாவது டீயோடு ஒரு மாணவர் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ஐ உருப்போடுகிறார். கண் சிவந்து, கை நடுங்குகிறது. இந்தப் பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு தனியாக வேண்டியதில்லை.

1912-இல் வெள்ளைக்காரன் இதன் மூதாதைக்குப் பைத்தியச் சட்டம் என்றே பெயர் வைத்தான். நாம் பெயரை மாற்ற 75 ஆண்டுகள் ஆயின. மாற்றியதை நடைமுறைப்படுத்த இன்னும் ஆறு.

அதற்கும் பதிலாக, 2018 மே மாதம் மாணவர் உருப்போடும் இந்த 2017 சட்டம் அமலுக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை தண்டிக்கக் கூடாது என்றது அதன் 115-ஆம் பிரிவு. உள்ளே தள்ளலாம் என்ற தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவோ இடத்தை விட்டு அசையவில்லை. ஒரே வீட்டில் முகம் பார்க்காத மாமியார் மருமகளாக ஆறு ஆண்டுகள் ஓடின. 2024 ஜூலையில் 309 வெளியேறியது. (பேராசிரியர்களுக்குத்தான் நஷ்டம், அருமையான பத்து மதிப்பெண் கேள்வி போயிற்று.)

மனநோயாளர் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது அதே 2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு. புத்தகத்தில் அது ஒரே வரி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அந்த வரியின் ஓரத்தில் மாணவர் பென்சிலால் குறித்திருக்கிறார்: 'குறுவினா, 2 மார்க்.'