போர்டிகோ மெக்கானிக்

ரிட்டயர் ஆன கையோடு போர்டிகோ உத்தரத்தில் செயின் பிளாக் மாட்டுகிற மனிதரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அவரிடம் இருக்கும். வண்டலூரில் செய்த நாலு கதவு வண்டி. இங்கிலாந்துக்காரன் கடைசிவரை ரெண்டு கதவோடு நின்றுவிட்டான் என்பதை நாம் கேட்காமலே சொல்லுவார்.

முன்பக்கம் மொத்தமும் பானெட்டாகத் தூக்கி முன்னால் சாய்த்துவிடலாம். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். குடும்பத்துக்கு வினை வந்தது இந்த வசதியால்தான். இன்ஜின் 948 சிசி. இன்று சில மோட்டார் சைக்கிள்களே அதைவிடப் பெரிது. அவரிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

இன்ஜினை இறக்கியாயிற்று. எட்டு வால்வும் கழற்றிய வரிசை மாறக் கூடாதாம். நாலு குழி இட்லித் தட்டு இரண்டு பறிமுதல். ஒவ்வொரு குழியோரமும் இன்லெட், எக்ஸாஸ்ட் என்று ஒட்டிய துண்டுச் சீட்டு.

"ஏங்க, இன்னிக்கும் தோசைதான். தட்டு வந்தாத்தான் இட்லி."

"அவசரப்படுத்தாதம்மா. அவசரப்பட்டா இன்ஜின் சீஸ் ஆயிடும்."

போர் அடிக்க பிளாக் லேத் பட்டறைக்குப் போகிறபோது ஆட்டோவின் பின் சீட்டு அதற்கு. சார் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொள்வார். பட்டறைக்காரர் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்து, "கிராங்க் ஓவல் அடிச்சிருக்கு சார், இருபது தவ் எடுக்கணும்" என்பார். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தன் சர்க்கரை அளவைச் சொந்தத் தம்பியிடம்கூட மறைக்கிறவர், கிராங்க் அளவை அன்று சாயங்காலமே வாக்கிங் போகிற அத்தனை பேரிடமும் ஒப்பித்துவிடுவார்.

பிஸ்டன் செட் தேடிப் புதுப்பேட்டை போவார். "ஹெரால்டுக்கா? அதெல்லாம் இப்ப ஏது சார்!" என்று கடைக்காரர் கைவிரித்தால் முகம் மலரும். கிடைத்துவிட்டால் மாட்டியாக வேண்டுமே.

ஒருநாள் மாட்டியும் விடுவார். நீலப் புகையோடு இன்ஜின் உறுமும், தெரு கைதட்டும். அவர் மட்டும் காதைச் சாய்த்து, "டேப்பெட் சத்தம் கேக்குதா?" என்பார். யாருக்கும் கேட்காது. மறுநாள் காலையில் வால்வு கவர் கழன்று கிடக்கும். வீட்டம்மா முன்யோசனையோடு புது இட்லித் தட்டு வாங்கி வைத்திருப்பார்.

அந்தப் பக்கம் போனால் "வண்டி எப்ப சார் ஓடும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "போர் எத்தனை தவ்?" என்று கேளுங்கள். காபி நிச்சயம். ஆனால் கையில் வேறு வேலை இருந்தால் இந்தக் கேள்வியையும் கேட்காதீர்கள்.