கிட்டு சார்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் நின்று "கிட்டு சார்" என்று குரல் கொடுத்தால் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பவருக்குக் கிருஷ்ணமூர்த்தி, கிருஷ்ணசாமி வகையில் பெயர் எதுவும் கிடையாது. ரேஷன் கார்டில் வேறு ஏதோ சாமி இருக்கிறார். இந்தக் கிட்டு, கார்ப்பரேட்டர் கிட்டு. பைக் கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போது மாற்றுவதற்கென்று சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்கிறார்களே, மெயின் ஜெட், ஸ்லோ ஜெட், ஊசி, ஃப்ளோட் பின், ஒரு ஸ்க்ரூ, ஸ்பிரிங், நாலைந்து ஓரிங், ஒரு கேஸ்கெட் என்று, அதுதான். கம்பெனி சாமான் என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. வெளி ஐட்டம் என்றால் மொத்தமும் சேர்த்து 120 ரூபாய். இந்த 120 ரூபாய் வகையறாவுக்குச் சென்னையில் ஒரு ஹைகோர்ட் உண்டென்றால் அது எங்கள் வீட்டு மாடியில்தான் நடக்கிறது.

மின்வாரியத்தில் மீட்டர் டெஸ்டிங்கில் முப்பது வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். எந்தச் சாமானும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை நம்பக் கூடாது என்பது அங்கே ஊறிய பழக்கம். அவர் வீட்டம்மா வண்டிக்காரரிடம் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். அதே வீட்டில் இவர் ஜெட்டின் நுனியைப் பார்க்கிறார். வித்தியாசம் என்னவென்றால், அந்தம்மா வாங்கிய வெண்டைக்காய் மதியமே குழம்புக்குப் போய்விடும்.

ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளுக்கு அவர் பஸ்ஸில்தான் போவார். அவருடைய பைக் எப்போதும் பாதி கழற்றிய நிலையில் இருப்பதால் வேறு வழியில்லை. ஒருமுறை நானும் கூடப் போனேன். கவுன்ட்டரில் இருந்தவருக்கு இவரைத் தெரிந்திருக்க வேண்டும். பார்த்ததும் பக்கத்தில் நின்ற பையனிடம், "டேய், நீ பார்த்துக்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

"ஸ்ப்ளெண்டர் கிட்டு என்னென்ன இருக்கு தம்பி?"

"ஒரிஜினல் இருக்கு சார்."

"எந்த ஒரிஜினல்?"

வெளியூர்க்காரருக்கு இது தத்துவக் கேள்வியாகத் தோன்றும். பையன் அசரவில்லை. "80 ரூபா ஒரிஜினல் இருக்கு, 120 ரூபா ஒரிஜினல் இருக்கு, 200 ரூபாலயும் ஒரிஜினல் இருக்கு சார்" என்றான்.

முதலில் உறையைப் படித்தார். 'ஜப்பான் டெக்னாலஜி' என்பது பெரிய எழுத்தில். எந்த ஊரில் செய்தது என்பது லென்ஸ் வைத்தால் தெரிகிற எழுத்தில். எம்.ஆர்.பி. 450, விற்கிற விலை 120. கார்ப்பரேட்டர் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன எழுத்து போட்டிருக்கிறார்கள் என்று விரல் வைத்துப் பார்த்தார். அவரிடம் இதற்கு ஒரு சித்தாந்தமே இருக்கிறது. எழுத்துப்பிழை இருந்தால் அது படிக்காத டூப்ளிகேட். பிழையே இல்லாவிட்டால் படித்த டூப்ளிகேட். இரண்டில் எது ஆபத்து என்று கேட்டேன். "படிச்சவன் ஹோலோகிராமும் ஒட்டுவான்" என்றார்.

அடுத்து, சாவிக்கொத்தில் தொங்கும் காந்தம். ஜெட் என்றால் பித்தளையாக இருக்க வேண்டும், பித்தளை காந்தத்தில் ஒட்டாது. உறைக்கு வெளியிலிருந்தே காந்தத்தை நகர்த்தினார். 80 ரூபாய் ஒரிஜினலுக்குள் ஜெட் ஒன்று நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே ஓடி வந்தது. "இரும்புக்கு மஞ்சள் பூசியிருக்கான்" என்றார், அடகுக்கடைக்காரர் கவரிங் வளையலைத் திருப்பித் தருகிற முகத்தோடு.

அந்த 80 ரூபாயை வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். மூன்று ரகத்திலும் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டார். 400 ரூபாய். "கெட்டதையும் வீட்ல வச்சிருக்கணும் சார். இல்லைன்னா நல்லதை எதோட ஒப்பிடுறது?"

உண்மையான விசாரணை வீட்டில்தான். சாப்பாட்டு மேஜையில் நியூஸ்பேப்பர் விரித்து, அதன்மேல் எவர்சில்வர் தட்டு. நகைக்கடை லென்ஸ், வெர்னியர், பேத்தியின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து எடுத்த ஸ்கேல், போட்டோ ஃப்ரேமிலிருந்து கழற்றிய கண்ணாடி. போட்டோவில் இருந்த மாமனார் அலமாரியில் சாய்ந்து நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். கார்ப்பரேட்டர் ஊசியைக் கண்ணாடியில் உருட்டிவிட்டு, கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுபோய், அடியில் வெளிச்சம் எட்டிப் பார்க்கிறதா என்று கவனிப்பார். துள்ளாமல் உருண்டால் நேரான ஊசி. துள்ளினால் அதற்கு அங்கேயே தீர்ப்பு.

ஜெட்டுக்கு வருவோம். நான் அவரிடம் மரியாதை வைத்தது இங்கேதான். ஸ்ப்ளெண்டரில் இருக்கும் கெய்ஹின் கார்ப்பரேட்டரில் ஜெட்டின் எண் என்பது துளையின் அளவு. 100 என்று பொறித்திருந்தால் துளை சரியாக ஒரு மில்லிமீட்டர். 38 என்றால் 0.38 மில்லிமீட்டர், அதாவது நாலைந்து தலைமுடியைச் சேர்த்துப் பிடித்த கனம். வெர்னியரின் மூக்கு அதற்குள் நுழையாது. கிட்டு சார் அண்ணா சாலையில் இசைக்கருவிக் கடைக்குப் போய் எலெக்ட்ரிக் கிதாருக்கு மூன்றாவது தந்தி மட்டும் ஒன்று கேட்டு வாங்கினார். "என்ன வாசிக்கிறீங்க சார்?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "ஸ்லோ ஜெட்" என்றாராம். அந்தத் தந்தி 0.016 அங்குலம், 0.41 மில்லிமீட்டர். 38 என்று பொறித்த ஜெட்டுக்குள் அது போகக் கூடாது. 200 ரூபாய் ஒரிஜினலில் போகவில்லை. 120 ரூபாய் ஒரிஜினலில் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வந்தது.

"0.03 மில்லிமீட்டர்தானே சார், போகட்டுமே" என்றேன்.

பென்சிலை எடுத்தார். துளை 38 இருக்க வேண்டிய இடத்தில் 40 இருந்தாலே பரப்பளவு பத்து சதவீதத்துக்கு மேல் ஏறுகிறது. 41 என்றால் பதினாறு. ஆரத்தின் வர்க்கம், பத்தாம் வகுப்புக் கணக்கு. "மாசா மாசம் உங்க பால்காரர் பதினாறு சதவீதம் தண்ணி கலந்தா போகட்டும்னு விடுவீங்களா?" என்றார். விடுகிறேன் என்ற உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பித்தளைத் துளைக்குள் எஃகுத் தந்தி விடலாமா என்று கேட்பவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். அடைத்துக்கொண்ட ஜெட்டைக் கிளட்ச் ஒயரின் ஒற்றை இழையால் குத்தும் மெக்கானிக்கைக் கண்டால் கிட்டு சாருக்கு ரத்த அழுத்தம் ஏறும். குத்தக் குத்தத் துளை பெரிதாகும், பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும். தான் செய்வது வேறு என்பார். "அது ஆபரேஷன் சார். இது போஸ்ட்மார்ட்டம்."

ஃப்ளோட் பின்னுக்கு அவர் வைக்கும் பரீட்சை ஊரறிந்தது. மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு செய்கிற வேலையைத்தான் கார்ப்பரேட்டருக்குள் இந்தப் பின் செய்கிறது. பெட்ரோல் நிரம்பியதும் மிதவை ஏறிப் பின்னை மேலே தள்ளும், வழி அடைபடும். நுனியில் இருக்கும் ரப்பர் சரியாக உட்காராவிட்டால் இரவெல்லாம் சொட்டும். புதுப் பின்னை மாட்டி, கார்ப்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவையின் கனத்திலேயே வால்வு மூடிக்கொள்ளும். அப்போது பெட்ரோல் வரும் குழாயில் வாய் வைத்து ஊதினால் காற்று போகக் கூடாது. அதிகாலை ஐந்து மணிக்குப் பால்கனியில் நின்று கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருப்பார். எதிர்வீட்டுப் பாட்டி ரொம்ப நாள் அவர் சங்கு ஊதிப் பூஜை செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லையே என்று மட்டும் ஒரு குறை.

ஓரிங் சோதனைதான் குடும்பத்தில் சலசலப்பை உண்டாக்கியது. 2023-இல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியதிலிருந்து இவர் எந்த ரப்பரையும் ஒரு ராத்திரி பெட்ரோலில் ஊறப் போடாமல் ஏற்பதில்லை. நல்ல விட்டான் ரப்பர் ஊறினாலும் அவ்வளவாக உப்பாது. மூன்று கிட்டின் ஓரிங்குகளையும் மூன்று டபராவில் ஊறவைத்து, எது எதென்று தெரியச் சீட்டும் எழுதி வைத்திருந்தார். காலையில் பார்த்தால் 80 ரூபாய் ஓரிங் சாம்பார் வடையாகியிருந்தது. 120 ரூபாய், தயிர் வடை. 200 ரூபாய் மட்டும் மெதுவடையாகவே நின்றது. கேஸ்கெட் கேட்கவே வேண்டாம், கழற்றி எடுத்தால் திரும்ப அதே பள்ளத்தில் உட்கார மாட்டேன் என்று நெளிந்தது.

வீட்டம்மாவுக்கு ரப்பரைப் பற்றிக் கருத்து இல்லை. "ஏங்க, இனிமே அந்த டபராவுல காப்பி குடிக்கிறது நீங்க மட்டும்தான்" என்று சொல்லிவிட்டார். அதுவும் நடைமுறைக்கு வந்துவிட்டது. கிட்டு சாரின் டபராவை மட்டும் தனி ஆணியில் மாட்டியிருக்கிறார்கள்.

இத்தனை விசாரணைக்குப் பிறகு தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "இருக்கிறதுலயே நல்ல ஜெட்டு, நம்ம பழைய கார்ப்பரேட்டர்ல இருக்கிற ஜெட்டுதான் சார்." பெட்ரோல் போய்ப் பித்தளை தேயாது, அடைத்துக்கொள்ளும், அவ்வளவே. ராத்திரி கிளீனரில் ஊறப் போட்டுக் காற்றடித்தால் போதும். தேய்வது ஊசி, பின்னின் நுனி, ரப்பர். ஆகவே ஒரு கிட்டில் அவர் எடுத்துக்கொள்வது இரண்டு ஓரிங், அதிர்ஷ்டமிருந்தால் ஒரு பின். மிச்சம் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் போகும். பரணில் அப்படி ஏழு பாட்டில் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்து, புது பைக்குகள் அநேகமாக எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்குப் போய்விட்ட நிலையில், இந்த ஏழு பாட்டிலும் என்றைக்காவது மியூசியத்துக்குப் போகும் என்று நம்புகிறார். எனக்கென்னவோ பழைய இரும்புக்காரர்தான் கண்ணில் தெரிகிறார். அவரும் காந்தம் வைத்துத்தான் பார்ப்பார்.

சென்ற மாதம் என் ஸ்ப்ளெண்டருக்கே நோய் வந்தது. சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். ஐட்லிங் ஏற்றி வைத்தால் தானாகவே ரேஸ் ஆகும். கிட்டு சார் பிளக்கைக் கழற்றச் சொன்னார். டீ நிறத்தில் இருக்க வேண்டிய நுனி வெளுத்துக் கிடந்தது. "பெட்ரோல் பத்தலை. போன தடவை மெக்கானிக் என்ன கிட்டு போட்டான்?" எனக்குத் தெரியவில்லை என்றேன். மகன் எந்த ஸ்கூலில் படிக்கிறான் என்று தெரியாத தகப்பனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நாலு நாள் என் கார்ப்பரேட்டர் அவர் மேஜையில் இருந்தது. தந்தி நுழைந்து பார்த்தது, ஊசி உருண்டது, டபரா ஊறியது, சங்கு ஊதப்பட்டது. ஐந்தாம் நாள் மாட்டினோம். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆகி, துரைசாமி சப்வேயைத் தாண்டி முதல் சிக்னலில் அணைந்தது.

தள்ளிக்கொண்டு வந்தபோது தெருமுனை மெக்கானிக் பையன் பார்த்துவிட்டுக் கூடவே வந்தான். வயது இருபது இருக்கும். வாயில் பாக்கு. ஸ்டார்ட் பண்ணச் சொன்னான். கார்ப்பரேட்டர் இன்ஜினோடு சேருகிற இடத்தில், அந்தக் கறுப்பு இன்சுலேட்டரைச் சுற்றி, கிளீனர் ஸ்ப்ரேயை இரண்டு தடவை அடித்தான். இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது.

"இங்க காத்து இழுக்குது சார். உள்ள ஓரிங் தட்டையாயிருச்சு. கார்ப்பரேட்டர்ல ஒண்ணுமில்ல" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு ஓரிங்கை எடுத்து, பத்தே நிமிஷத்தில் மாட்டிவிட்டான். முப்பது ரூபாய் கேட்டான்.

நான் பயந்துகொண்டே கிட்டு சாரைத் திரும்பிப் பார்த்தேன். வண்டியை அவர் கவனிக்கவே இல்லை. பையன் கீழே போட்ட பழைய ஓரிங்கைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோயிருந்தார்.

"தம்பி, இப்ப போட்டியே, அது எந்தக் கம்பெனி?"

"ஒரிஜினல் சார்."

"எந்த ஒரிஜினல்?"

பையன் யோசித்தான். "நாப்பது ரூபா கேஸ்கெட் செட்டுல வரும் சார்."

கிட்டு சார் சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே, "செட்டு எத்தனை ரகத்துல வருது?" என்றார்.