மெல்ல ஓடுங்கண்ணா

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் திருப்பூர் அவிநாசி ரோட்டில் ஒருவர் ஓடுகிறார், பின்னால் நாயும் இல்லை, முன்னால் பஸ்ஸும் இல்லை என்றால், அவர் பனியன் கம்பெனிக்காரர் என்று தைரியமாக முடிவு கட்டலாம். சந்தேகமிருந்தால் எதிரே இன்னொரு ஓட்டக்காரர் வரும்வரை பொறுங்கள். நம்மவர் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார், டீசர்ட்டைத்தான் பார்ப்பார். “துணி நூத்தி நாப்பது ஜிஎஸ்எம் இருக்கும். கீழ்மடிப்புதான் கோணல்.” பந்தயத்தில்கூட முன்னால் போகிறவரின் ஃப்ளாட்லாக் தையலை ஆராய்ந்தபடி இரண்டு கிலோமீட்டர் அவர் முதுகோடு ஒட்டிப் போய்விட்டு, “முந்த முடியலைங்க” என்பார்.

எனக்குத் தெரிந்த அப்படி ஒருவருக்குச் சர்க்கரை; டாக்டர் நடக்கத்தான் சொன்னார். நடப்பதெல்லாம் நேரம் மிச்சமிருக்கிறவர்கள் வேலை என்று இவர் ஓட ஆரம்பித்தார். ஒரு வருஷத்தில் அரை மாரத்தான், 21.1 கிலோமீட்டர், 2 மணி 11 நிமிடம். வீட்டில் மெடலைச் சாமி படத்தில் மாட்டினார்கள். இவருக்கோ அந்த 11 நிமிடம் பணத்தைப் பிடித்துக்கொண்டு பையர் போட்ட டெபிட் நோட் மாதிரி உறுத்தியது. ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தார். இரண்டு மணிக்குள் வர, கிலோமீட்டருக்கு சுமார் 31 நொடி குறைய வேண்டும். “பீசுக்கு நாலணா குறைக்கற மாதிரித்தானுங்க!” ‘அடுத்த வாரம் கண்டிப்பா அனுப்பிடறோம்’ என்று பையரிடம் மூன்று வாரமாகச் சொல்லி வருகிறவர் இப்படி நொடிக்கணக்கு பார்த்தது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது.

வழி அவருக்குத் தெரிந்ததுதான்: ஒன்றரை ஷிப்ட். தினமும் மூச்சு முட்ட ஓட்டம். இரண்டு மாதத்தில் வேகம் இம்மியும் ஏறவில்லை. கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே எலும்போரம் வலிதான் ஏறியது.

கடைசியில் போய் விழுந்தது ஒரு டையிங் மாஸ்டரிடம். சாயப்பட்டறையில் முடி நரைத்தவர், ஒல்லிக்குச்சி, அரை மாரத்தானை இரண்டு மணிக்குள் முடிப்பவர்.

“வாரத்துல ஒரு நாள் வேகமா ஓடுங்க. எண்ணூறு மீட்டர் ஓட்டம், கொஞ்சம் நடை, மறுபடி ஓட்டம். மத்த நாளெல்லாம் பேசிட்டே ஓடற அளவுக்கு மெதுவா. கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷத்துக்குக் கீழ போகாதீங்க.”

“மெதுவா ஓடுனா எப்படிங்க வேகம் வரும்?”

“சாயமேத்தறப்ப சூட்டைத் திடுதிப்புனு ஏத்துனா என்னாகும்?”

“திட்டுத்திட்டா புடிச்சிருமுங்க.”

“உடம்பும் அப்படித்தானுங்க. மூச்சு சீக்கிரம் பழகிக்கும், எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்காகும். மெதுவா ஓட ஓடத்தான் தசைக்குள்ள பொடி ரத்தக்குழாய் பெருகும், கொழுப்பை எரிச்சு ஓடறதுக்கும் உடம்பு பழகும். மாரத்தான் ஓட்டக்காரரு கிப்சோகே தெரியுமுங்களா? 2019-ல வியன்னாவுல 42.195 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிஷம் 40 நொடியில ஓடுனாரு. அவரே முக்காவாசி நாள் அவருக்கு மெதுவான வேகத்துலதான் ஓடுவாரு.”

நம்மவர் அன்றிரவே வீடியோவைத் தேடிப் பார்த்தார். 41 பேர் மாறி மாறிக் கூட ஓடிக் காற்றைத் தடுத்திருக்கிறார்கள். அதனால் அது அதிகாரபூர்வ சாதனையில் சேரவில்லை. “பாத்தீங்களா? ஜாப் ஒர்க்குக்கு விட்டிருக்காருங்க!” என்று எனக்குப் போன் வந்தது.

ஆனாலும் சொன்ன பேச்சைக் கேட்டார். அடுத்த ஞாயிறு பத்து கிலோமீட்டர், மெதுவாக. மணமேடைக்குப் போகும் மாப்பிள்ளை நடை. முடித்ததும் டீக்கடையில் மாஸ்டர் கடிகாரத்தை வாங்கி, செக்கிங் டேபிளில் பீஸைப் புரட்டுவது போலக் கோட்டுப்படத்தைப் பார்த்தார். ஏழு நிமிடம், ஏழேகால், ஏழு. நாலாவது கிலோமீட்டரில் மட்டும் நாலரை.

“இது என்னங்க?”

நம்மவர் டீயை ஆற்றினார். இன்னொரு தரம் ஆற்றினார்.

“அந்த எடத்துல எங்க கம்பெனி டெய்லரம்மா உழவர் சந்தைக்குப் பையோட ஓட்டமும் நடையுமா போச்சுங்க. என்னையத் தாண்டிப் போயி, திரும்பிப் பாத்து, ‘ஏனுங்ண்ணா, கால்ல அடிபட்டிருச்சுங்களா?’ன்னு கேட்டுருச்சுங்க.”